பணம் திரும்பிய பிறகு பொருள் யாருடையது?

நுகர்வோர் வழக்கு நடத்தும் வக்கீலுக்கு, தீர்ப்பு வந்து பணமும் கைக்கு வந்த பிறகுதான் சிக்கலான கேள்வி வரும். பழுதான ஃபிரிட்ஜின் விலை வட்டியோடு வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. ஃபிரிட்ஜ் மட்டும் வீட்டு நடையிலேயே நிற்கிறது. கடைக்கு ஃபோன் செய்தால் "கம்பெனி வண்டி வரும்" என்கிறார்கள். கம்பெனியைக் கேட்டால் "டீலரிடம் சொல்லியிருக்கிறோம்" என்கிறார்கள். மாதங்கள் போகின்றன. "சார், இனி இது யாருடைய பொருள்? விற்கலாமா, தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா?" என்று கட்சிக்காரர் கேட்கிறார். திருவண்ணாமலையில் இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். 'பணமும் வந்தது, பொருளும் நமக்கே' என்பது ஒன்று. 'தொட்டால் கேஸ் ஆகிவிடும், அப்படியே கிடக்கட்டும்' என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. விற்றவர் எடுக்கத் தாமதிப்பதால் மட்டும் உரிமை வாங்கியவருக்கு வந்துவிடாது. ஆனால் பொருளைக் காக்கும் செலவும், அது கெட்டுப்போனால் வரும் நட்டமும், நாள் போகப் போக விற்றவர் பக்கமே போய்ச் சேரும். தாமதம் மாற்றுவது உரிமையை அல்ல, சுமையை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கெல்லாம் வழி தெரியும்.

பொருள் ஏன் தேங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த ஊருக்கு ஃபிரிட்ஜோ, பீரோவோ, மெத்தையோ வரும்போது பல கடைகளின் சரக்கோடு லாரி நிறைந்து வரும். ஒருவருக்கான செலவு அதில் கரைந்துவிடும். திரும்பிப் போவதோ ஒற்றைப் பொருள். பழுதான அந்த ஒன்றைச் சுமந்து போக ஆகும் வாடகையும் கூலியும், போய்ச் சேர்ந்த பின் அதன் உதிரிபாகங்களுக்குக் கிடைக்கும் விலையைத் தாண்டிவிடும். ஊரின் நாட்காட்டியும் தாமதத்துக்குத் துணைபோகிறது. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் நிறைந்து வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். கார்த்திகை தீபத்தின்போது வெளியூர் வாகனங்கள் ஊர் எல்லையிலேயே நின்றுவிடும். 'பௌர்ணமி போகட்டும்', 'தீபம் முடியட்டும்' என்ற சொற்களில் ஒரு பருவமே ஓடிவிடும். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியில் சில மாதங்களுக்கு மட்டும் வீடெடுத்துத் தங்கும் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டினரும் உண்டு. அவர்கள் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால், வாங்காதவரும் விற்காதவருமான வீட்டுக்காரர் தலையில் பொருள் விழும். ஆக விற்றவரின் மௌனம் பெரும்பாலும் கணக்குப் பார்த்த மௌனம். தன் பொருளை இன்னொருவர் வீட்டில் வாடகையின்றி வைத்திருப்பது அவருக்கு இலாபம்.

இனி சட்டம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் உரிமையையும் கைவசத்தையும் வெவ்வேறாகவே பார்க்கிறது. பொருள் வீட்டுக்கு வந்ததாலேயே வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. பிரித்துப் பார்த்துச் சோதிக்க அவருக்கு உரிமை உண்டு என்கிறது 41-ஆம் பிரிவு. சோதித்தபின் சரியில்லை என்று நியாயமான காரணத்தோடு நிராகரித்தால் என்ன செய்ய வேண்டும்? 43-ஆம் பிரிவு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது: வேறு ஏற்பாடு இல்லாதவரை, அவர் பொருளைத் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவர் அல்லர், ஏற்கவில்லை என்று விற்றவருக்குத் தெரிவித்தால் போதும். 'நீங்களே பார்சல் போட்டு அனுப்புங்கள், அப்போதுதான் பார்ப்போம்' என்று கஸ்டமர் கேரில் சொல்வதைச் சட்டம் என்று நம்பி, சொந்தச் செலவில் குட்டியானை பிடித்து வேலூருக்கும் சென்னைக்கும் அலைபவர்கள் இந்தப் பிரிவு இருப்பதே தெரியாமல் அலைகிறார்கள். ஒரு செய்தி, அதற்கு ஓர் அத்தாட்சி, அவ்வளவுதான் சட்டம் கேட்பது. அந்த நிராகரிப்பு செல்லுபடியானதும் பொருள் விற்றவருடையது. வாங்கியவரிடம் அது இருப்பது வெறும் இருப்பு.

ஆனால் 'ரீஃபண்டு' என்ற ஒரே பெயரில் பல விதமான கொடுக்கல் வாங்கல் நடப்பதால், உரிமை எந்தக் கணத்தில் திரும்புகிறது என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். பழுதுக்காக நிராகரித்தது ஒரு வகை. அதில் உரிமை நிராகரிப்போடு தீர்மானமாகிவிடுகிறது, பணம் பிறகு வருகிறது. நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்று மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது இரண்டாவது வகை. அங்கே விற்பனை முறையாகவே முடிந்து உரிமையும் மாறிவிட்டது. கடைக்காரர் பெருந்தன்மையாலோ கடையின் விதிப்படியோ ஒப்புக்கொண்டால்தான் அது கலையும். ஒப்பந்தச் சட்டம் 62-ஆம் பிரிவு சொல்வதுபோல் இருவரும் சேர்ந்து பழைய ஒப்பந்தத்தை விட்டுவிடுகிறார்கள். உரிமை எப்போது திரும்புவது என்பதும் அவர்கள் பேசிக்கொண்டபடிதான். 'பொருள் எங்கள் கைக்கு வந்தபின் பணம்' என்று நிபந்தனை இருந்தால் எடுத்துச் செல்லும்போது திரும்பும். பணத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டு 'ஆள் வந்து எடுத்துக்கொள்வார்' என்றால், பணம் கொடுத்த கணமே திரும்பிவிட்டது என்று வாதிட இடமுண்டு. மூன்றாவது வகை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி ஆணையம் விலையைத் திருப்பித் தரச் சொல்வது. அங்கே ஆணையின் வாசகமே ஆதாரம். மூன்றிலும் பொதுவானது ஒன்று: ஒரே பொருளின் விலையும் பொருளும் ஒருவரிடமே தங்கிவிட வேண்டும் என்று எந்த வகையும் சொல்லவில்லை.

இங்கே சட்டத்தில் ஒரு பாரபட்சம் இருப்பதாகத் தோன்றும். வாங்கியவர் மௌனமாக இருந்தால் சட்டம் அவரை உடனே பிடித்துக்கொள்கிறது. நியாயமான காலம் கடந்தும் நிராகரிக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்கிறது விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. இந்த மாவட்டத்து ஆரணிப் பட்டு வியாபாரத்தைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், வேண்டாததைத் திருப்பிக் கொடுங்கள்' என்று ஒரு கட்டுச் சேலையைக் கடைக்கு அனுப்பினால், அதுவரை உரிமை அனுப்பியவருடையதே. ஆனால் குறித்த நாளுக்குள்ளோ, நாள் குறிக்கவில்லையென்றால் நியாயமான காலத்துக்குள்ளோ வேண்டாம் என்று சொல்லாமல் கடைக்காரர் வைத்துக்கொண்டால், 24-ஆம் பிரிவின்படி சேலை அவருடையதாகிவிடும், விலையும் கொடுத்தே ஆகவேண்டும். வாங்குபவரின் மௌனத்துக்கு உரிமையை மாற்றும் சக்தி உண்டென்றால், விற்றவரின் மௌனத்துக்கு மட்டும் ஏன் இல்லை? நுகர்வோர் பக்கம் நிற்பவர்கள் கோபத்தோடு கேட்கும் கேள்வி இது. கோபம் நியாயமானது, ஆனால் விடை இருக்கிறது. வாங்குபவரின் மௌனம் ஒரு விற்பனையை நிறைவுசெய்கிறது. உரிமை மாறும்போது விலையும் கூடவே எதிர்த்திசையில் நகர்கிறது. விற்றவரின் மௌனத்தால் உரிமை மாறினால் எதிர்த்திசையில் நகர எதுவுமே இல்லை. ஒருவர் விலையும் பெற்று, பொருளும் பெற்றிருப்பார். காரணமில்லாத அந்த இலாபத்தைச் சட்டம் மௌனத்தை வைத்து மட்டும் கொடுக்காது.

உரிமை விற்றவரிடம், பொருள் வாங்கியவரிடம் என்றால் நடுவிலுள்ள உறவு என்ன? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதை ஒப்படைப்பு என்கிறது. நாங்கள் கோர்ட்டில் பெயில்மென்ட் என்று பேசுவது அதைத்தான். 'நான் பொருளை அவரிடமிருந்து பாதுகாக்க என்று வாங்கிக்கொள்ளவே இல்லையே, ஒப்பந்தம் எங்கே?' என்ற எதிர்வாதத்தை உச்ச நீதிமன்றம் 1967-லேயே சந்தித்துவிட்டது. ஜுனாகட் சுங்க அதிகாரிகள் கைப்பற்றிய இரண்டு லாரியும் ஒரு ஸ்டேஷன் வேகனும், அந்தக் கைப்பற்றலை எதிர்த்த மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 'கேட்பாரற்ற சொத்து' என்று விற்கப்பட்டன. குஜராத் அரசுக்கும் மேமன் முகமது ஹாஜி ஹசமுக்கும் நடந்த அந்த வழக்கில், ஒப்பந்தம் இல்லாமலும் ஒப்படைப்பு உறவு எழலாம், திருப்பிக் கொடுக்க நேரிடலாம் என்று தெரிந்து ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு அதைக் காக்கும் கடமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. விற்பனைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. வாங்கியவரோ விற்றவரோ மற்றவரின் பொருளுக்கு ஒப்படைப்புப் பெற்றவராக இருக்கும்போது உள்ள கடமைகளை அந்தப் பிரிவு குறைக்காது என்று அதன் இறுதியிலேயே எழுதியிருக்கிறது. விற்றவருக்காக வாங்கியவர் பொருளைக் காத்து நிற்கும் நிலையை 1930-லேயே சட்டம் எதிர்பார்த்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கடமை என்றதும் பயப்பட வேண்டாம். அதன் அளவு மிகச் சாதாரணமானது. ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு கேட்பது, அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்தக் கவனம்தான். அதைச் செய்திருந்தால், பொருள் தொலைந்தாலும் கெட்டாலும் பொறுப்பில்லை என்கிறது 152. ஃபிரிட்ஜ் என்றால் பிளக்கைப் பிடுங்கி, உள்ளே துடைத்து, பூசணம் பிடிக்காமலிருக்கக் கதவைச் சற்றே திறந்து கட்டி, பின்பக்க வயரை எலி கடிக்காத இடமாகப் பார்த்து, ஐப்பசி மழை ஒழுகாத கூரையின்கீழ் நிறுத்தினால் போதும். ஏ.சி. அறையில் வைக்கவோ இன்சூரன்ஸ் எடுக்கவோ தேவையில்லை. நிறுத்திய அன்றே நான்கு பக்கமும் படம் எடுத்து, வரிசை எண் ஒட்டியிருக்கும் வில்லையையும் படத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். 'கம்ப்ரஸரைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள்' என்ற பேச்சு பிற்பாடு எழாமலிருக்க அதைவிட மலிவான காவல் இல்லை. கம்பெனி ஆள் வந்து பெட்டிக்கு சீல் வைத்துவிட்டு 'நாளை வண்டி வரும்' என்று போய்விட்டால் கடமை இன்னும் மெலியும் என்பது என் வாதம். நகை செய்யக் கொடுத்தவர் மாலைதோறும் அரைகுறை நகையைப் பெற்று, தட்டார் வீட்டிலேயே ஒரு பெட்டியில் பூட்டிச் சாவியைத் தானே கொண்டுபோன ஒரு வழக்கில், திருட்டுக்குத் தட்டார் பொறுப்பல்லர் என்று 1930-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சாவியும் கட்டுப்பாடும் யாரிடமோ, காவலும் அவரிடமே என்பது அதன் சாரம். சீல் வைத்தவருக்கும் அது பொருந்தும்.

பயன்படுத்துவது மட்டும் வேறு விஷயம். பணம் வருவதற்கு முன் பயன்படுத்தினால் வழக்கையே அது கெடுக்கும். நிராகரித்தேன் என்று சொல்லிவிட்டு அந்த மெத்தையிலேயே தினமும் படுத்தால், விற்றவரின் உரிமைக்கு முரணான செயல் என்று விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவைக் காட்டி, பொருளை ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடும். பணம் வந்தபின் பயன்படுத்தினால் ஒப்பந்தச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு குறுக்கே வரும். அனுமதியில்லாமல் பயன்படுத்தும்போது பொருளுக்கு ஏதாவது ஆனால், கவனமாக இருந்தேன் என்ற சமாதானம் செல்லாது, இழப்பு முழுவதும் தலையில் விழும். இன்வெர்ட்டர் பேட்டரி போன்ற பொருளில் இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. கோளாறு என்று நிராகரித்த பேட்டரியையே மின்வெட்டுக்குப் போட்டுத் தீவிபத்து நேர்ந்தால், இழப்பீடு கேட்கும் முகமும் போய்விடும். நடைமுறையில் கட்சிக்காரருக்குச் சொல்வது ஒன்றே: வைத்திருங்கள், தொடாதீர்கள், துணிபோட்டு மூடுங்கள்.

சுமை யாருடையது என்பதற்கு வருவோம். இடர் உரிமையோடு போகும் என்பது விற்பனைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் பொது விதி. அதற்கு ஒரு விதிவிலக்கும் அங்கேயே உண்டு: ஒப்படைப்பது ஒருவரின் தவறால் தாமதமானால், அந்தத் தாமதம் இல்லாவிட்டால் நேர்ந்திராத நட்டம் தவறு செய்தவரைச் சேரும். விற்றவர் வாங்கியவருக்குக் கொடுக்கும் பயணத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. திரும்பும் பயணத்துக்குப் பொருந்தாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. உரிமையும் விற்றவருடையது, தாமதமும் அவருடையது என்னும்போது விதியும் விதிவிலக்கும் ஒரே பக்கமாகத்தான் கை காட்டுகின்றன. செலவுக்கு, கூலி பெறாமல் பொருளைக் காப்பவருக்குத் தேவையான செலவை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 158-ஆம் பிரிவும், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் சட்டப்படி செய்த உதவியின் பலனை அனுபவித்தவர் ஈடுசெய்ய வேண்டும் என்ற 70-ஆம் பிரிவும் இருக்கின்றன. வாங்கியவர் பொருளை விற்றவரின் கிடங்கிலிருந்து எடுக்காமல் இழுத்தடித்தால் காவல் செலவை அவர் தர வேண்டும் என்று விற்பனைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. தராசின் ஒரு தட்டில் வைத்ததை மறு தட்டிலும் வைக்கச் சொல்வதுதான் நம் கோரிக்கை. இதில் ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கையிலிருந்து கொடுத்த கிடங்கு வாடகை, ஏற்றுகூலி போன்றவற்றைக் கேட்கலாம். நடையை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதற்காகக் கற்பனையாக ஒரு தினவாடகை போட்டால் அது பெரும்பாலும் நிற்காது. அதை இழப்பீடாகக் கேட்டு நிரூபிக்க வேண்டும்.

உரிமையாளர் வேறு, காப்பவர் வேறு என்ற நிலையில் சுமையைப் பங்கிடுவது நம் ஊருக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுக் கோயில்களின் சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகளைத் தானம் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு என்பது பெருவழக்கு. அவற்றைப் பெற்ற இடையர் தினம் இவ்வளவு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். ஆடு செத்தாலும் மூத்தாலும் கணக்கில் எண்ணிக்கை குறையாது, குறையை ஈடுசெய்வது வைத்திருப்பவர் பொறுப்பு. காப்பவர் மேல் இவ்வளவு பாரத்தைச் சுமத்த ஒரு நியாயம் இருந்தது. பாலும் குட்டியும் அவருக்கே கிடைத்தன. பலன் எங்கோ சுமையும் அங்கே என்ற அந்தக் கணக்கை இன்றைய ஃபிரிட்ஜுக்குப் போட்டுப் பார்த்தால், நடையை இழந்ததைத் தவிர வாங்கியவருக்குப் பலன் எதுவும் இல்லை. பிறகு நட்டத்தை மட்டும் ஏன் அவர்மேல் ஏற்ற வேண்டும்? ஒப்பந்தச் சட்டமும் தன் 163-ஆம் பிரிவில் ஒப்படைத்த பசு ஈன்ற கன்றையும் உரிமையாளருக்கே கொடுக்கச் சொல்கிறது. பெருக்கம் உரிமையாளருக்கு என்றால் தேய்மானமும் அவருக்குத்தான்.

எதிர்வாதங்களில் முதலாவது காலம் பற்றியது. 'மூன்று வருடம் கேட்காமல் விட்டால் உரிமை போய்விடும்' என்பது ஊரில் பரவலான நம்பிக்கை. 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தில் அசையும் பொருளை மீட்க மூன்று ஆண்டு என்பது உண்மை. காலம் முடிந்தால் சொத்துரிமையே அற்றுப்போகும் என்று 27-ஆம் பிரிவு சொல்வதும் உண்மை. ஆனால் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒப்படைத்த பொருளுக்கான 70-ஆம் உறுப்பின்படி, உரிமையாளர் கேட்டு, வைத்திருப்பவர் மறுத்த நாளிலிருந்துதான் மூன்று ஆண்டு. கேட்கவே இல்லையென்றால் மறுப்பு இல்லை, மறுப்பு இல்லையென்றால் கடிகாரம் ஓடவில்லை. திரும்பப் பெற வேண்டிய பொருளை வைத்திருப்பவருக்கும் இதே உறுப்புதான் பொருந்தும் என்பது என் வாசிப்பு. ஆக, சும்மா கிடந்த காலத்தை நம்பி ஒரு பொருளைத் தனதாக்கிக்கொள்வது மணல்மேல் கட்டும் வாதம். நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொண்டால் அது குற்றமாகவும் ஆகும். பழைய தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு இன்று பாரதிய நியாய சம்ஹிதையில் 314-ஆம் பிரிவாக இருக்கிறது. அங்கே நேர்மையின்மைதான் முக்கியம். முறையாக நோட்டீஸ் கொடுத்துக் கணக்கும் வைத்தவரிடம் அதைக் காட்டுவது கடினம்.

இரண்டாவது எதிர்வாதம், 'விற்றவர் கைவிட்டுவிட்டார், கைவிட்டதை யாரும் எடுக்கலாம்' என்பது. கைவிட்டார் என்பதற்கு மௌனம் போதாது, எண்ணம் வேண்டும். அந்த எண்ணத்தைக் கம்பெனிகள் எழுத்தில் தரத் தயங்குவதற்குக் காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சரக்குத் திரும்பியது அல்லது குறைபாடுடையது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவின்கீழ் கிரெடிட் நோட் போட்டு வரியைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். தள்ளுபடி செய்த அல்லது இனாமாகக் கொடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது என்கிறது 17-ஆம் பிரிவு. 'எங்களுடையதுதான், எடுக்கவில்லை' என்று விட்டுவைப்பதே அவர்களுக்கு வசதி. ஆகவே பணம் வரும்போதே கிரெடிட் நோட்டின் நகலைக் கேட்டு வாங்குவது நல்லது. திரும்பிய சரக்கு என்று அதில் எழுதியிருந்தால், பொருள் தன்னுடையதல்ல என்று விற்றவர் பிற்பாடு சொல்ல முடியாது. மாறாக, 'பொருளைத் திருப்ப வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளலாம்' என்று இணைய விற்பனைத் தளம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் விஷயம் அங்கே முடிந்தது. ஏற்கெனவே கையிலிருக்கும் அசையும் பொருளைக் கொடுத்ததாக இருவரும் ஒப்புக்கொண்டாலே கொடுத்ததாகும். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தால் அதுவே உரிமைப் பத்திரம்.

மூன்றாவது, 'காவல் செலவைத் தரும்வரை பொருளைத் தரமாட்டேன் என்று பிடித்துவைக்கலாமா?' சட்டம் அப்படிப் பிடித்துவைக்கும் உரிமையைச் சிலருக்கே கொடுத்திருக்கிறது. பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலுத்திய தையல்காரரும் மெக்கானிக்கும் ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவில் வருகிறார்கள். வங்கி போன்றவர்கள் 171-இல் வருகிறார்கள். சும்மா வைத்திருந்தவர் இரண்டிலும் இல்லை. வண்டி வரும் நாளில் பொருளைக் கொடுத்துவிட்டு, செலவைத் தனியாகக் கேட்பதே பாதுகாப்பு. மறுத்தால் அந்த மறுப்பே மேற்சொன்ன மூன்றாண்டுக் கடிகாரத்தை ஓடவிடும், வழக்கும் திசைமாறிவிடும்.

அப்படியானால் காலமெல்லாம் காவல் காப்பதுதானா? இங்கேதான் இந்தியச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. வழியில் கண்டெடுத்த பொருளை, உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமலோ அவர் சட்டப்படியான செலவைத் தர மறுத்தோ இருக்கும்போது, அது அழியும் நிலையில் இருந்தாலோ அந்தச் செலவு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டாலோ விற்கலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நிராகரித்த பொருளை வைத்திருப்பவருக்கு அப்படிப் பிரத்யேக அனுமதி இல்லை. அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பில் 2-604-ஆம் பிரிவு, நியாயமான காலத்துக்குள் விற்றவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர் கணக்கில் பொருளைச் சேமிக்கவோ, அனுப்பவோ, விற்கவோ வாங்கியவருக்கு வழிவிடுகிறது. இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் நோட்டீஸ் கொடுத்த பிறகு எடுக்காத பொருளை விற்று, செலவு கழித்து மீதியை உரிமையாளருக்குக் கணக்குக் காட்டச் சொல்கிறது. இரண்டிலும் உரிமை மாறவில்லை, விற்ற பணமும் உரிமையாளருடையதே என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் அந்தப் பிரிவு இல்லாததால் வக்கீல் நோட்டீஸை வைத்தே அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதன் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'இன்ன பில்லில் வாங்கிய, இன்ன வரிசை எண்ணுள்ள பொருளை இன்ன தேதியில் நிராகரித்தோம், இன்ன தேதியில் விலையைத் திரும்பப் பெற்றோம். பொருள் இந்த முகவரியில், இணைத்துள்ள படங்களில் கண்ட நிலையில் இருக்கிறது. எந்த நாளும் பகலில் எடுத்துக்கொள்ளலாம். முப்பது நாளுக்குள் எடுக்காவிட்டால் கூலி வண்டியில் கிடங்குக்கு மாற்றுவோம், செலவு உங்களுடையது. அதன் பின்னும் முப்பது நாள் கடந்தால் கிடைக்கும் நியாய விலைக்கு விற்று, செலவு போக மீதியை உங்களுக்கு அனுப்புவோம். உங்கள் பதில் வேறாக இருந்தால் அதற்குள் தெரிவிக்கவும்.' இதை டீலர், கம்பெனி இருவருக்கும் ஒப்புகையுடன் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். மௌனம் தொடர்ந்தால் அந்த விற்பனை, சட்டத்தால் கேள்வியின்றிக் காக்கப்பட்டது என்று உறுதி தரமாட்டேன். ஆனால் கோர்ட்டில் விளக்கம் சொல்ல வேண்டியவர் யார் என்பதை அந்த நோட்டீஸ் மாற்றிவிடும்.

வியாபாரிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. தேரடித் தெருவிலோ பெரிய தெருவிலோ சின்னக் கடை வைத்திருப்பவர், கம்பெனி எடுக்காத பழுதுப் பொருளைத் தன் கடைக்குள் எங்கே அடுக்குவார்? பணத்தை வாங்கிக்கொண்டு, வண்டி வரும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் வாடிக்கையாளரும் இல்லாமலில்லை. மோட்டாரை மாற்றிவிட்டு வெறும் உடலைத் திருப்பித் தருபவரும் உண்டு. உண்மைதான். ஆனால் அந்தக் கவலைகளுக்கும் மருந்து இதே எழுத்துதான். வண்டி வரும் தேதியை எழுத்தில் சொன்ன கடைக்காரருக்கு, கதவு பூட்டியிருந்தது என்பது சாட்சியம். அதன் பிறகு தாமதம் வாங்கியவருடையது, இடரும் அவருடையதாகும். படமும் வரிசை எண்ணும் நேர்மையான வாடிக்கையாளரைக் காப்பதுபோலவே நேர்மையான கடைக்காரரையும் காக்கும்.

கடைசியாக ஆணையங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பணத்தைத் திருப்பச் சொல்லும் ஆணையில், வட்டி விகிதமும் மன உளைச்சலுக்கான தொகையும் நாள் தவறினால் என்ன என்பதும் விவரமாக இருக்கும். பொருளைப் பற்றி 'எதிர்த்தரப்பினர் எடுத்துக்கொள்ளலாம்' என்ற அளவில் ஒரு வரி வந்தாலே பெரிது, நாள் குறிப்பு இருக்காது. பணம் கொடுத்ததோடு விற்றவரின் கடமை முடிந்தது, எடுப்பது அவர் விருப்பம் என்று சிலர் வாதிடுவார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவு, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் விலையைத் திருப்ப மறுப்பதையும் சேர்த்தே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலம் குறிக்காவிட்டால் முப்பது நாள் என்று கெடுவும் அதிலேயே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் விற்பவர் குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. எடுப்பது விருப்பமாக இருந்தால் சட்டத்தில் அதற்குக் கெடு எதற்கு? அந்த முப்பது நாளையே எடுத்து ஆணையில் எழுதலாம்: விலை செலுத்திய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எதிர்த்தரப்பினர் தம் செலவில் பொருளை எடுக்க வேண்டும், தவறினால் மனுதாரர் அதை விற்று, செலவு கழித்த மீதியைக் கணக்கோடு ஆணையத்தில் செலுத்தலாம். புதுச் சட்டம் வேண்டாம், திருத்தம் வேண்டாம். மனு எழுதும் வக்கீல்கள் கோரிக்கைப் பத்தியில் இந்த ஒரு வரியைச் சேர்த்துக் கேட்கத் தொடங்கினாலே போதும். கேட்காத நிவாரணத்தை ஆணையம் தராததற்கு ஆணையத்தைக் குறைசொல்ல முடியாது.